வரிசை காத்த அலுவலகம்

2025 நவம்பர் 21 அன்று நாடு முழுவதும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. கூலி, பணிநேரம், ஆட்குறைப்பு என்று அன்று நிறையப் பேசப்பட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்த கையோடு விடைபெற்ற ஒன்பது பழைய சட்டங்களில் 1959-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டமும் ஒன்று என்பது பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. பல ஆண்டுகளாகப் படுக்கையில் கிடந்து, பேச்சு ஒடுங்கி, பார்க்க வருவோரும் குறைந்துபோன வீட்டுப் பெரியவரின் மறைவு அடுத்த தெருவுக்கு எட்டுவதற்கே சில நாள் ஆகிவிடுகிறது. ஆனாலும் நம்மில் அநேகர் வீட்டில், மதிப்பெண் பட்டியலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இடையே, அந்த அலுவலகத்தின் முத்திரை விழுந்த ஓர் அட்டை இன்னும் இருக்கிறது. அதை எடுத்துப் போடவும் மனம் வரவில்லை, வைத்திருந்து ஆவதும் ஒன்றுமில்லை.

அந்த அலுவலகம் பிறந்தது போரின் முடிவில். இரண்டாம் உலகப் போர் ஓயும் தறுவாயில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பவிருந்த லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஒரு பிழைப்பு தேடித் தரவேண்டும் என்று 1945 ஜூலையில் மறுவாழ்வுக்கும் வேலைவாய்ப்புக்குமான தலைமை இயக்ககம் தொடங்கப்பட்டது. நாடு பிரிந்தபோது, உடுத்த துணியோடு எல்லை கடந்து வந்தவர்களும் அதன் பொறுப்பில் விடப்பட்டார்கள். 1948-இல் வேலை கேட்டு வரும் எவருக்கும் கதவு திறந்தது. ஆக, வீடிழந்தவர்களையும் பிழைப்பிழந்தவர்களையும் வரவேற்றுப் பெயர் எழுதிக்கொள்வதுதான் அது முதலில் கற்ற தொழில். வேலைவாய்ப்பு அமைப்பை ஆராய்ந்த சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி, மொழிவழி மாநிலங்கள் உருவான அதே 1956 நவம்பர் 1 அன்று, அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

1960 மே முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் அடக்கமானது. பொதுத்துறை முழுவதும், தனியாரில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களும், தங்களிடம் விழும் காலியிடத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. அங்கிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. வேளாண் வேலையையும் வீட்டு வேலையையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலையையும் அது தொடவில்லை. நாற்று நட்டவர்களும் சித்தாள்களும் பாத்திரம் தேய்த்தவர்களும், அதாவது இந்த நாட்டின் உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோர், அதன் எல்லைக்கு வெளியேதான் இருந்தார்கள். இரங்கல் சொல்லும் நேரத்திலும் இதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

இருந்தும், தேர்வாணையங்களின் வழியாக நிரப்பப்படாத அரசுப் பணியிடங்களுக்கு நெடுங்காலம் அதுவே வாசலாக இருந்தது. இடைநிலை ஆசிரியர், பேருந்து நடத்துநர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் என்று எத்தனையோ பணிகளுக்குக் காலியிடத்தின் பன்மடங்கு பெயர்கள் அங்கிருந்து அனுப்பப்பட்டன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி “எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சாச்சா?” என்பதுதான். மேலே படிக்கப் போகிறவரும் பதிந்தார், வயலுக்குத் திரும்பப் போகிறவரும் பதிந்தார். விடியற்காலைப் பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போய், நிழல் போதாத வளாகத்தில் வரிசையில் நின்று, சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுத்தால், எழுத்தர் தொழில் குறியீட்டு எண்ணையும் பதிவெண்ணையும் நாளையும் மையால் எழுதி அட்டையைத் தருவார். அந்த நாள் முக்கியமானது. அதிலிருந்துதான் சீனியாரிட்டி ஓடத் தொடங்கும். பன்னிரண்டாம் வகுப்பு, தட்டச்சு, ஆசிரியர் பயிற்சி, பட்டம் என்று ஒவ்வொன்றாகக் கூடுதல் பதிவு ஏறும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ரினீவல் செய்யவேண்டும். செய்யத் தவறினால் சேர்த்துவைத்த ஆண்டுகள் போய்விடும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் கைக்குழந்தையோடு புதுப்பிக்கப் போனார்கள். துபாய்க்குப் போன மகனின் அட்டையை அப்பா பத்திரமாக வைத்திருந்து தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கொடுத்த வேலைகளை எண்ணினால் கணக்கு சிறியது. 2000-களின் தொடக்கத்தில் நாடெங்கும் 900-க்கும் மேற்பட்ட அலுவலகங்களின் பதிவேடுகளில் ஏறத்தாழ 4 கோடிப் பெயர்கள் இருந்தன. ஆண்டொன்றுக்கு அவற்றின் வழியே வேலை பெற்றவர்களை லட்சங்களில்தான் சொல்லமுடியும், அதுவும் ஒற்றை இலக்க லட்சங்களில். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு ஒரு கட்டத்தில் 80 லட்சத்தைத் தாண்டியது. அதில் ஐம்பதைக் கடந்தவர்கள் இருந்தார்கள், அறுபதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். இதைக் காட்டி அந்த அலுவலகம் பயனற்றது என்றவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாத வேலையை உண்டாக்கும் அதிகாரம் அதற்கு யாரும் தரவில்லை. தரப்பட்டது வரிசையைக் காக்கும் பொறுப்பு. அதை அது காத்தது. முந்திப் பதிந்தவர் முந்தி அழைக்கப்படுவார் என்ற ஏற்பாட்டில், ஆதரவற்ற விதவைக்கும் முன்னாள் படைவீரருக்கும் நிலத்தை அரசுக்குக் கொடுத்தவருக்கும் கலப்புமணம் செய்தவருக்கும் முன்னுரிமை கொடுத்து, அதற்குப் பிறகு மற்றவர்களை நாள் வாரியாக நிறுத்தியது. தெரிந்த ஆள் இல்லாதவருக்கும், பணம் புரட்ட முடியாதவருக்கும், ஆங்கிலம் வராதவருக்கும் ஒரு முறை வரும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

பெண்களுக்கு அது செய்த தொண்டு தனியே சொல்லத்தக்கது. வேலை தேடுவோர் யார் என்று தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வரையறுத்தபோது, தேடும் வழிகளுள் வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் குறிப்பிட்டது. ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்கும்போது, படித்த மருமகளைப் பற்றி வீட்டார் சொல்லும் பதில் “வீட்டைப் பாத்துக்கிறா” என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லில் அவள் உழைப்புச் சந்தைக்கு வெளியே போய்விடுவாள். 2017-18-இல் 15 வயதைக் கடந்த இந்தியப் பெண்களில் 23.3 விழுக்காட்டினரே தொழிலாளர் அணியில் இருந்ததாகக் கணக்கு சொன்னது. மீதிப் பெண்கள் வேலையே வேண்டாம் என்று இருந்தவர்களா? மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிக்கப்பட்ட அட்டைகள் வேறு விதமாகச் சாட்சி சொல்லின. திருமணத்துக்குப் பிறகு ஊரும் முகவரியும் மாறி, தகப்பன் பெயர் இருந்த இடத்தில் கணவன் பெயர் ஏறிய பின்னும், அந்த அட்டையில் அவர்களுடைய படிப்பும் தகுதியும் அவர்கள் பெயரிலேயே நின்றன. 2023-24-இல் அந்த விழுக்காடு 41.7 ஆக உயர்ந்திருக்கிறது. உயர்வின் பெரும்பகுதி சுயதொழிலிலும், கூலியில்லாமல் குடும்பத் தொழிலுக்குக் கைகொடுப்பதிலும் நேர்ந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அட்டைக்காரிகள் காத்திருந்தது எந்த வேலைக்கு என்பதும் தெரியும்.

நோய் வந்த வழி ஒன்றல்ல. 1991-க்குப் பிறகு அரசு நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. தொகுப்பூதியம், ஒப்பந்தம், வெளிமுகமை என்ற பெயர்களில் ஆள் எடுக்கும் வழிகள் பெருகின. அந்த வழிகள் எதுவும் இந்த வாசலைக் கடந்து போகவில்லை. 1996-இல் ஆந்திர ஆயத்தீர்வைத் துறை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் செய்தித்தாளிலும் விளம்பரம் கொடுத்து விண்ணப்பிப்போர் எல்லோரையும் கருதவேண்டும் என்றது. பதிந்தும் பெயர் பரிந்துரைக்கப்படாமல் போகிறவர்களை எண்ணிச் சொன்ன தீர்ப்பு அது. அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அன்றுமுதல் வரிசைக்கு முன்பிருந்த பிடிமானம் தளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெரிய இழப்பு 2012-இல் வந்தது. ஆசிரியர் நியமனத்துக்குத் தகுதித் தேர்வு வந்தபோது, பதினைந்து இருபது ஆண்டு மூப்போடு, அடுத்த பட்டியலில் வந்துவிடும் என்று நம்பியிருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளின் வயதையொத்தவர்களோடு தேர்வு அறையில் உட்கார்ந்தார்கள். தேர்வைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. குழந்தைக்கு நல்ல ஆசிரியர் வேண்டும். ஆயினும் நாற்பது வயதில் முதல் நியமன ஆணையைக் கையில் வாங்கி, கிராமத்துப் பள்ளியில் போய்ச் சேர்ந்து, பதினெட்டு ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பதிவு நாள்தான்.

அதற்குள் பதிவும் புதுப்பித்தலும் இணையத்துக்குப் போயிருந்தன. அது நல்ல மாற்றம். பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மிஞ்சின. வளாகம் வெறிச்சோடியது. 2015-இல் மத்திய அரசு நேஷனல் கேரியர் சர்வீஸ் என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. அங்கே வேலை தருபவரும் தேடுபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். யார் எத்தனை நாளாகத் தேடுகிறார் என்பதை வைத்து யாரும் அங்கே முன்னால் வருவதில்லை. கைப்பேசிச் செயலிகள் வழியே உணவும் சரக்கும் கொண்டுசேர்க்கும் இளைஞருக்கு வேலை அரைநாளில் கிடைத்துவிடுகிறது. அது எப்போது கையைவிட்டுப் போகும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

முதுமையில் அது செய்த ஒரு காரியத்தையும் நன்றியோடு நினைக்கவேண்டும். தமிழ்நாட்டில், பதிந்து ஐந்தாண்டு ஆகியும் வேலை கிடைக்காத ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டுக்கு உதவித்தொகை கொடுத்தது: பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. எதற்கும் போதாத தொகை. ஆனால் உன் காத்திருப்பு எங்கள் கணக்கில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த தொகை என்பதால், விண்ணப்பக் கட்டணத்துக்கும் தேர்வுக்குப் போகும் பேருந்துக்கும் அதை எடுத்துவைத்தவர்கள் அதை மறக்கவில்லை.

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் இன்று அதன் பிள்ளைகள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்ற பெயரில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தனியார் நிறுவனங்களை அழைத்து முகாம் நடத்துகிறார்கள். தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஓர் அறை ஒதுக்கி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள். தனியார் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். பதிவேடும் மூடப்படவில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் இப்போது தங்கள் பள்ளியிலேயே பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். பதிந்த நாள் அவர்கள் அட்டையில் அச்சாகி வருகிறது.