காயம் அறிந்த தலைமை

வரலாறு என்பது மன்னர்கள் போர் தொடுத்ததையும் கோட்டை கட்டியதையும் மட்டும் கூறுவதன்று. வயலில் குனிந்து நின்ற மனிதன் எவ்வாறு நிமிர்ந்தான் என்பதும் வரலாறே. நம் சமுதாய இளைஞர்கள் இன்று ஆசிரியர்களாகவும், அலுவலர்களாகவும், மேற்பார்வையாளர்களாகவும் பிறரை வேலை வாங்கும் இடங்களில் அமர்ந்து வருகின்றனர். இது நாம் பெருமை கொள்ளத் தக்கதே. ஆயினும், நாற்காலி கிடைத்தவுடன் தலைமையும் கிடைத்துவிடுமா? தலைமை எனப்படுவது யாது? இவ்வினாவிற்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் குரும்பலூருக்குத் தெற்கே, காவிரிக்கு அப்பால் உள்ள தஞ்சைத் தரணியின் வரலாறே போதிய சான்றாகும்.

நாட்டிற்கே சோறிட்ட அந்த மண்ணில், உழைத்தவர் நிலை மிகக் கொடியதாக இருந்தது. பண்ணையாள் என்ற பெயரில் ஒரு குடும்பமே மிராசுதாரருக்குக் கட்டுண்டு கிடந்தது. பொழுது புலருமுன் வயலில் இறங்குபவர் இருட்டிய பின்னரே கரையேறுவார். வேலைக்குச் சற்றே தாமதித்தாலும் சவுக்கடி. அதற்கும் மேலாகச் சாணிப்பால். அதாவது மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்தல். சவுக்கடி உடலை வருத்தியது. சாணிப்பாலோ, நாமும் மனிதர்தாமா என்ற ஐயத்தையே உள்ளத்தில் விதைத்தது. பெற்றோர் இழிவுறுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளும் குனிந்தே நடந்தனர். இதுவே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த உள்ளக் காயம்.

1943 ஆம் ஆண்டில் விவசாய சங்கப் பணிக்காகத் தஞ்சைக்கு வந்தார் பி. சீனிவாசராவ். அவர் தென் கன்னடப் பகுதியில் உயர்சாதியிற் பிறந்தவர். தமிழும் அவருக்குத் தாய்மொழியன்று. இத்தகையவரைச் சேரி மக்கள் எங்ஙனம் நம்புவர்? அவர் மேடையிலிருந்து பேசிவிட்டுத் திரும்பிச் செல்லவில்லை. சேரியிலேயே தங்கினார், அம்மக்கள் உண்டதையே உடனமர்ந்து உண்டார். நீங்களும் தாய் வயிற்றிற் பிறந்த மனிதரே என்று எடுத்துரைத்தார். மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் சங்கம் உருவாயிற்று.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சங்கம் கூலி உயர்வு ஒன்றை மட்டும் கேட்டு நிற்கவில்லை; சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதையும் முன்வைத்தது. வயிற்றின் பசியைப் போலவே மானத்தின் பசியையும் அது அறிந்திருந்தது. அதனாற்றான் மக்கள் அதனை நம்பினர். 1944 ஆம் ஆண்டு மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அவ்விரு கொடுமைகளுக்கும் முடிவு கட்டியது. களப்பாள் குப்பு போன்ற தலைவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களிடையிலிருந்தே எழுந்தனர். அவர் 1948 ஆம் ஆண்டில் சிறையிலேயே உயிர் நீத்தார். 1952 ஆம் ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது.

சட்டத்தால் மட்டும் காயம் ஆறிவிடாது என்பதையும் அதே மண் காட்டியது. கூலி உயர்வுப் போராட்டத்தையொட்டி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையொன்றில் தீக்கிரையாயின. இறந்தோரிற் பலர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அதன்பின் அப்பகுதிக்கு வந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர், ஆறுதல் கூறி அகன்றுவிடவில்லை. அங்கேயே தங்கிப் பல்லாண்டுகள் உழைத்தனர். கிருஷ்ணம்மாள் ஒடுக்கப்பட்ட குடும்பத்திற் பிறந்தவர். 1981 ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்னும் உழுவோர் நில விடுதலை இயக்கத்தின் வழியே, நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே, நிலம் கிடைத்தது. அஞ்சி வாழ்ந்தோர்க்கு, இது எம் மண் என்னும் உரிமை உணர்வு பிறந்தது.

காயம்பட்டவரே ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தால் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சான்று. மேனாட்டிற் பயின்று திரும்பி, 1917 ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்ற அவரிடம், கடைநிலை ஊழியர்களும் கோப்புகளைத் தொலைவில் நின்று வீசினர். அலுவலகத்தில் குடிநீரும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நலப் பொறுப்பை ஏற்றபோது, அவர் பழி தீர்க்க முனையவில்லை. 1942 ஆகஸ்டில் அவர் தலைமையில் கூடிய மாநாட்டில் அரசும், முதலாளிகளும், தொழிலாளர் பிரதிநிதிகளும் ஒரே அவையில் அமர்ந்தனர். 1946 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. தாம் பட்ட காயம் பிறர்க்கு நேராவண்ணம் காத்தலே அவர் கண்ட தலைமை.

இளைஞர்களே! இவ்வரலாறு நமக்குக் கூறும் பாடம் எளியது, கடைப்பிடித்தலே அரிது. நீங்கள் அமரும் அலுவலகத்திலும் துப்புரவுப் பணியாளர் இருப்பார். தேநீர் கொண்டுவரும் சிறுவயதினர் இருப்பார். அவரை எவ்வாறு அழைக்கிறீர்கள்? அமருங்கள் என்று ஒரு சொல் கூறுகிறீர்களா? அவர் அருந்தும் குவளை தனியே வைக்கப்பட்டிருக்கிறதா? ஒருவர் தாமதமாக வந்தால் பலர் முன்னிலையில் அதட்டுகிறீர்களா, தனியே அழைத்துக் காரணம் கேட்கிறீர்களா? வாய் திறவாமல் நிற்பவர் திறமையற்றவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பு வாய் திறந்தபோது அவர் அடிபட்டிருக்கக் கூடும்.

நம்மை அதட்டியவர்களின் குரலையே நாமும் கற்றுக்கொண்டால், நாற்காலியில் அமர்ந்த ஆள் மாறியதன்றி வேறெதுவும் மாறவில்லை என்றே பொருள். கல்வி நமக்குப் பதவியை மட்டுமன்றிப் பண்பையும் தருதல் வேண்டும். நம் கீழ்ப் பணிபுரியும் ஒருவர், இவ்விடம் எனக்கும் உரியது என்று எண்ணித் தலைநிமிர்ந்து நடப்பாராயின், அதுவே நாம் கற்ற கல்வியின் பயனாகும்.