நெற்கட்டும்செவல் பூலித்தேவர் நினைவு மாளிகை

ஆர்க்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வரி கட்ட மறுத்துப் போரிட்ட பாளையக்காரர் பூலித்தேவருக்கு, தென்காசி மாவட்டம் நெற்கட்டும்செவலில் தமிழக அரசு எழுப்பிய நினைவிடம். அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 1 அன்று இங்கு ஆண்டுதோறும் விழா நடக்கிறது.

இந்த மண்ணுக்காக ஏன் இத்தனை போர் என்பது வழித்தடத்தைப் பார்த்தால் விளங்கும். மதுரையிலிருந்து வரும் சாலை சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை ஒட்டியே வந்து தென்காசியைச் சேர்கிறது. அங்கிருந்து ஒரு வழி திருநெல்வேலிக்குப் பிரிகிறது. இன்னொன்று குற்றாலத்துக்கு அருகே செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் கடந்து திருவிதாங்கூருக்குப் போகிறது. பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை அந்த மதுரைச் சாலையோரத்தில்தான் இருந்தது.

1755இல் கம்பெனிப் படையின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலை முற்றுகையிட்டு, பணம் கேட்டுப் பெற முடியாமல் திரும்பினார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் போரில் பூலித்தேவர் அணி தோற்றாலும் எதிர்ப்பு ஓயவில்லை. முன்பு பூலித்தேவருக்குத் துணை நின்ற திருவிதாங்கூரைக் கம்பெனிப் படைத்தளபதி யூசுப்கான் உடன்பாடு செய்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேற்கு வாசல் அடைபட்ட அந்த நாளே பாளையத்தின் விதியைத் தீர்மானித்தது எனலாம். அப்படியும் 1760 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டை யூசுப்கானின் தாக்குதலை முறியடித்தது. 1761 மே மாதத்தில்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் வீழ்ந்தன.

பாளையத்தார் கைக்கு மீண்டும் வந்திருந்த வாசுதேவநல்லூரை 1767இல் கம்பெனிப் படையின் டொனால்ட் கேம்பல் தாக்கினார். மண்சுவரைப் பீரங்கிக் குண்டு பிளக்கப் பிளக்க, உள்ளிருந்தவர்கள் குண்டடிக்கு நடுவே வைக்கோலைத் திணித்துப் பிளவை அடைத்தார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வந்து நின்றார். எதிரியே வியந்து எழுதிய அந்த வீரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை.

ஆனால் பூலித்தேவரின் தளபதிகள் இருவரை மக்கள் நினைவு காப்பாற்றியிருக்கிறது. சரிந்த குடலைத் தலைப்பாகையால் கட்டிக்கொண்டு வெண்ணிக் காலாடி போரிட்டதாகவும், எதிரி முகாமுக்குள் தனி ஆளாய்ப் புகுந்து ஒண்டிவீரன் பீரங்கிகளைத் திருப்பிவிட்டதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த இவர்களைச் சேர்க்காமல் இந்தப் போரின் வரலாறு முழுமையாகாது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உண்டு. அவர் நினைவாக 2022இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது.