ஏறுமுகக் கோடு

1753-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் யோஹான் ரோடெரர் என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளைத் தராசில் கிடத்தி எடை பார்த்தார். பச்சிளங்குழந்தை பன்னிரண்டு பவுண்டு இருக்கும் என்று அதுவரை பெயர்பெற்ற மருத்துவர்களே எழுதிவைத்திருந்தார்கள். தராசு காட்டியதோ ஆறேழு பவுண்டுதான்! பிறந்த எடை தெரிந்துவிட்டது. அது ஒழுங்காக ஏறுகிறதா என்பதைப் பெற்றவளே கண்டுகொள்ள இன்னும் இருநூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1950-களில் டேவிட் மோர்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் நைஜீரியாவின் இமேசி இலே கிராமத்துக்குப் போனார். தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் அங்கே குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. உடம்பு மெலிந்தது கண்ணுக்குத் தெரியும் முன்பே, எடை ஏறாமல் நின்றுவிடும். அந்தத் தருணத்தைப் பிடிக்க அவர் வழி தேடினார். மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தார். புள்ளிகளைக் கோடாக இணைத்தார். கோடு ஏறினால் நலம், படுத்தால் ஆபத்து. எழுத்தறியாத தாய்க்கும் அது புரிந்தது. அட்டையை மருத்துவமனையில் பூட்டிவைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். அந்த வழக்கம் நாடு நாடாகப் பரவியது. ஆனால், குழந்தையின் கோட்டை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல் முளைத்தது.

1977-ல் அமெரிக்காவில் உருவான வளைகோடே உலகத்துக்கும் அளவுகோலாயிற்று. கைக்குழந்தைகளுக்கான அதன் பகுதி, ஒஹையோ மாநிலத்தில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்து வரைந்தது. அவர்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எடை போட்டிருந்தார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையோ முதல் இரண்டு மூன்று மாதங்கள் மளமளவென்று எடை கூடும். பிறகு சற்று நிதானிக்கும். அந்த இயல்பான நிதானம் அட்டையில் சறுக்கலாகத் தெரிந்தது. நன்றாக வளர்ந்த குழந்தைகளின் தாய்மார்கள்கூட, பால் போதவில்லை என்று கலங்கிப் புட்டியை நாடினார்கள். தவறு தாயிடமா, தாளிலா?

விடை தேட, 1997-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வில் இறங்கியது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. மொத்தம் சுமார் 8,500 குழந்தைகள். கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே அடிப்படை. வாய்ப்பான சூழலில் வளர்ந்தால், எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே சீராகத்தான் வளர்கிறது என்று தெரியவந்தது. 2006-ல் புதிய வளைகோடு வெளியானது.

அங்கன்வாடியில் எடை போட்டதும் பணியாளர் புள்ளி வைக்கிறாரே, பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள் போட்ட வளர்ச்சி அட்டை, அது இந்த வழியில் வந்ததுதான். அதில் ஒற்றைப் புள்ளி அன்றைய எடையை மட்டுமே சொல்லும். குழந்தை வளர்கிறதா என்பதை அடுத்த புள்ளிதான் சொல்லும். மாதா மாதம் எடை போடுவதைத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான்.