மேக்னம் ரிவால்வரும் ஸ்பெஷல் தோட்டாவும்

1935-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டபோது, கைத்துப்பாக்கிகளிலேயே வலிமை மிக்கது என்று அதற்குப் பெயர் கிடைத்தது. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. எட்டே முக்கால் அங்குலக் குழலிலிருந்து வினாடிக்கு 1,500 அடிக்கு மேல் பாயும் குண்டு என்று விளம்பரங்கள் முழங்கின. துப்பாக்கி வரலாறுகளும் அந்த வேகத்தையே பெரிதாகப் பேசிவந்திருக்கின்றன. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் போலீஸ் பயிற்சித் திடல்களில் இத்தகைய ரிவால்வர்களில் போட்டுச் சுடப்பட்டது பெரும்பாலும் .38 ஸ்பெஷல் என்ற மென்மையான பழைய தோட்டாதான். அதைச் சிக்கனத்துக்கான ஏற்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. மேக்னம் ரிவால்வர் எந்த எடையில், எந்த உறுதியில் செய்யப்பட்டது, யார் கைக்குப் போனது, எங்கே தோற்றது என்பதையெல்லாம் அந்தச் சிறிய தோட்டாவே பெருமளவு தீர்மானித்தது.

இதற்கான வாய்ப்பு தோட்டாவின் அளவிலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் போரில் .38 லாங் கோல்ட் தோட்டா எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற புகார் எழுந்த காலத்தில், அதன் பித்தளைக் கூட்டைச் சற்று நீட்டிக் கூடுதல் மருந்து அடைத்து .38 ஸ்பெஷல் பிறந்தது. 1930-இல் அதே தோட்டாவை இன்னும் வேகமாகச் செலுத்த, 38/44 என்ற கனத்த சட்டகம் கொண்ட ரிவால்வர் வந்தது. அந்த முயற்சியின் அடுத்த படிதான் மேக்னம். இரண்டு தோட்டாக்களிலும் குண்டின் விட்டம் ஒன்றே, சுமார் 9 மில்லிமீட்டர். ஸ்பெஷலின் கூடு 29.3 மில்லிமீட்டர் நீளம்; மேக்னத்தின் கூடு அதைவிட ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் கூடுதல். இந்த நீட்சி முதன்மையாக ஒரு காப்பு. இன்றைய அமெரிக்கத் தரநிர்ணயப்படி ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. இரு மடங்கு அழுத்தம் தரும் தோட்டா பழைய ஸ்பெஷல் ரிவால்வரின் அறைக்குள் முழுதாக இறங்கிவிட்டால் உருளையே வெடித்துப் போகலாம். சுடுபவரின் கையும் தப்பாது. கூட்டை நீட்டியதால் அந்த ஆபத்து தடுக்கப்பட்டது. எதிர்த்திசையில் தடை ஏதும் இல்லை. குட்டைத் தோட்டா நீண்ட அறையில் இயல்பாக அமர்ந்தது; பின்விளிம்பு அதைச் சரியான இடத்தில் நிறுத்தியது. .44 ஸ்பெஷலை நீட்டி .44 மேக்னம் செய்தபோதும் பின்பற்றப்பட்டது இதே முறைதான்.

திறந்திருந்த அந்த வழியில் காவல் துறைகள் கூட்டமாக நுழைந்ததற்குக் காரணங்கள் எளியவை. பெருமந்தக் காலத்தில் வாங்குபவர் பெயருக்குப் பதிவுசெய்து தரப்பட்ட முதல் மேக்னம் ரிவால்வரின் விலையே 60 டாலர். அதற்கான தோட்டாவும் மலிவானதில்லை. ஸ்பெஷல் தோட்டாவோ நாடெங்கும் லட்சக்கணக்கில் உற்பத்தியானது. காலிக் கூடுகளைச் சேர்த்து மறுபடியும் மருந்து அடைத்துக்கொள்ளவும் முடிந்தது. இலக்குப் பயிற்சிக்கென்றே வாட்கட்டர் என்ற தட்டைமூக்கு ஈயக் குண்டு இருந்தது. 148 கிரெய்ன், அதாவது ஒன்பதரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட அந்தக் குண்டு வினாடிக்கு 700 அடி அளவில் நிதானமாகச் சென்று, காகித இலக்கில் கத்தரித்தாற்போல் வட்டத் துளை போடும். புள்ளி எண்ணுவது சுலபம், கையில் உதைப்பு குறைவு, ஓசையும் தாங்கக்கூடியது. முதல் நாளே மேக்னத்தைக் கொடுத்தால் புதிய காவலர் வெடிக்கு முன்பே கண்ணை மூடி விசையை வெட்டி இழுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். ஆகவே மென்மையான தோட்டாவில் தொடங்குவது கற்பித்தலில் நியாயமான முறை. தவறு தொடக்கத்தில் இல்லை. பலர் அதோடு நின்றுவிட்டதில்தான் இருக்கிறது.

இந்த வழக்கம் துப்பாக்கியின் உடலையே மாற்றியமைத்தது. முதல் மேக்னங்கள் கனத்த சட்டகத்தில் செய்யப்பட்டவை. நாள் முழுதும் இடுப்பில் சுமக்க ஏற்றவை அல்ல. எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் முன்வைத்த யோசனையை ஏற்று, ஸ்பெஷல் ரிவால்வரின் நடுத்தரச் சட்டகத்திலேயே மேக்னத்தைப் பொருத்தி 1955-இல் கம்பாட் மேக்னம் செய்யப்பட்டது. பின்னாளில் மாடல் 19 என்று அறியப்பட்ட அது, நான்கு அங்குலக் குழலுடன் சுமார் ஒரு கிலோ எடைதான். நிறையச் சுடுவது ஸ்பெஷல், பணியில் நிரப்பிக்கொள்வது மேக்னம் என்ற வழக்கத்துக்குள் அது அருமையான துப்பாக்கி. அதன் பலவீனமும் அங்கேயே இருந்தது. நடுத்தரச் சட்டகத்தில் இடம் போதாததால், குழலின் பின்முனையை அடிப்பக்கத்தில் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. குண்டு உருளையிலிருந்து குழலுக்குள் நுழையும் இடம் அது. அங்கே உலோகம் மெல்லியது. ஸ்பெஷல் சுட்டவரை அந்தக் குறை யாரையும் உறுத்தவில்லை.

1970 ஏப்ரல் 5-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கலிஃபோர்னியாவின் நியூஹாலில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான துப்பாக்கிச் சண்டையில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் கொல்லப்பட்டனர். பயிற்சியில் ஸ்பெஷல் சுட்டவர்கள் பணியில் மேக்னம் வைத்திருந்தார்கள் என்பது அதன் பிறகு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. நால்வரின் சாவுக்குத் தோட்டாவா காரணம் என்று எதிர்ப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கொலையாளிகளை அணுகிய விதம், ஒவ்வொரு தோட்டாவாகத் திணித்து நிரப்ப வேண்டியிருந்த தாமதம், எதிரிகளின் துணிச்சல் ஆகியவையே பெரிய காரணங்கள். இறந்த காவலர் ஒருவர் பயிற்சிப் பழக்கத்தால் காலிக் கூடுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார் என்று பயிற்றுநர்கள் பல்லாண்டு சொல்லிவந்த கதைக்கும் ஆதாரமில்லை என்று பிற்கால ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே நியூஹாலை ஒற்றைக் காரணத்தில் அடக்குவது இறந்தவர்களுக்கும் வரலாற்றுக்கும் இழைக்கும் அநீதி. ஆனாலும் அந்தத் துறை எடுத்த முடிவைப் பாருங்கள். அது ஸ்பெஷல் தோட்டாவையே பொதுத் தோட்டாவாக்கியது; எதில் பழகினார்களோ அதையே பணியிலும் வைக்கச் செய்தது; ஆறு தோட்டாக்களையும் ஒருசேர நிரப்பும் ஸ்பீட்லோடரையும் கொண்டுவந்தது. உயிர்ப்பலிக்குப் பின் ஒரு துறை தன் கையாலேயே மூடிய இடைவெளி அது. இல்லாத ஒன்றை மூட வேண்டியதில்லை.

வேறு துறைகள் மறுவழியில் போய், பயிற்சியிலும் மேக்னத்தையே சுடத் தொடங்கின. மறைந்திருந்த உண்மை அப்போது உலோகத்தில் வெளிப்பட்டது. வேகம் மிகுந்த 125 கிரெய்ன் மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட நடுத்தரச் சட்டக ரிவால்வர்களில், சீவப்பட்ட அந்த அடிப்பக்கத்திலேயே விரிசல் விட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சற்றே பெரிய சட்டகத்தில் மாடல் 586, 686 ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு துப்பாக்கியை அதன் பெயருக்குரிய தோட்டாவாலேயே ஓயாமல் சுட, புதிய சட்டகம் தேவைப்பட்டது. பழைய சட்டகத்தின் கணக்கில் ஸ்பெஷல் தோட்டா எவ்வளவு ஆழமாக இடம்பெற்றிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. எஃப்.பி.ஐ.யும் அக்காலத்தில் .357 அறை கொண்ட மாடல் 13-ஐ வழங்கிவிட்டு, சற்றே வலுக்கூட்டிய ஸ்பெஷல் தோட்டாவையே அதில் நிரப்பச் செய்தது.

குட்டைத் தோட்டா துப்பாக்கியைக் கெடுக்கும் என்ற பழைய ஆட்சேபத்தில் பாதி உண்மை உண்டு. ஸ்பெஷலின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால், அறையின் சுவரில் ஈயமும் கரியும் குண்டின் மெழுகும் சேர்ந்து வளையமாகப் படியும். நூறு குண்டு சுட்டபின் மேக்னத்தைப் போட்டால், அதன் நீண்ட கூடு அந்த வளையத்தில் முட்டி நிற்கும். வற்புறுத்தி நுழைத்தால் சுட்டபின் கழற்றுவது பெரும்பாடு. பித்தளைத் தூரிகையால் ஒவ்வோர் அறையையும் தேய்த்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. குண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகத் தாவிக் குழலை அடைவதால் குறி சிதறும் என்பவர்களுக்கு, மேக்னம் கூட்டிலேயே குறைந்த மருந்து அடைக்கும் வழி எப்போதும் இருந்தது. இவை பராமரிப்புச் சிக்கல்கள். வழக்கத்தைக் கைவிடக் காரணங்களாகா.

மேக்னம் பரவியதற்கு ஸ்பெஷலுக்கு நன்றி சொல்ல வேண்டும். இலக்கைச் சுட்டு மகிழ்பவருக்கு அது இன்றும் சிறந்த தோட்டா. ஆயுதத்தைக் கடமைக்காக ஏந்துபவர் விஷயம் வேறு. எளியதில் தொடங்கலாம், ஆனால் நெருக்கடியில் எதைச் சுட வேண்டியிருக்குமோ அதைச் சுட்டுத் தேறாதவரைப் பயிற்சி பெற்றவர் என்று எந்தத் துறையும் சான்றளிக்கக் கூடாது.