கருச்சிதைவுக்குப் பின் மாதவிலக்கு ஒழுங்கின்மை: திருப்பாலைக்குடிக் கடற்கரையை முன்வைத்து

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே பாக் விரிகுடாவின் கரையில் அமைந்த திருப்பாலைக்குடி போன்ற ஊர்களில், கருவுற்ற பெண்ணைப் பதிவுசெய்து பிரசவம் வரை பின்தொடரும் பொதுச் சுகாதார ஏற்பாடு வேரூன்றியுள்ளது. அவ்வேற்பாட்டின் இலக்கு பிரசவம் என்பதால், இடையில் கரு கலைந்தவரின் அடுத்த மாதங்கள் அதன் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அம்மாதங்களில் தோன்றும் மாதவிலக்கு ஒழுங்கின்மையைத் தானே சரியாகும் என்று ஒதுக்குவதும் நோயென்று அஞ்சுவதும் பொருந்தா. காலத்தையும் காரணத்தையும் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருவைச் சூழ்ந்த நஞ்சுத் திசு சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன், கரு கலைந்த பின்னும் சில வாரங்கள் குருதியில் தங்குகிறது. அது குறையும்வரை, சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி என்னும் மூளையடிச் சுரப்பியின் இயக்கம் தணிந்திருப்பதால், அடுத்த விலக்கு வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் வருகிறது. முதல் ஓரிரு சுழற்சிகள் முன்பின்னாக அமைவதும் உதிரப்போக்கு மிகுவதும் இயல்பே. முதற்பருவக் கருச்சிதைவுக்குப் பின் இரண்டே வாரங்களில் சினைமுட்டை வெளிப்படக்கூடும் என்பதால், விலக்கு வராமைக்குப் புதிய கர்ப்பமே காரணமாகவும் இருக்கலாம்.

இவ்வெல்லையைக் கடந்தவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு. காய்ச்சல், துர்நாற்றம், வலி ஆகியவற்றுடன் நீளும் உதிரப்போக்கு, கருப்பையில் தங்கிய திசுவையோ தொற்றையோ குறிக்கலாம். எச்.சி.ஜி. குறையாமல் நிற்பது முத்துப்பிள்ளைக் கர்ப்பம் எனப்படும் நஞ்சுத் திசுக் கோளாற்றின் அடையாளமாகலாம். மாதந்தோறும் வலி இருந்தும் உதிரம் மிகக் குறைவது, கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டதன் விளைவாகலாம். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விளக்கிய இந்நிலை, கருப்பையைக் கூரிய கருவியால் சுரண்டிச் சுத்தம்செய்யும் டி அண்ட் சி முறைக்குப் பின் நேரக்கூடியது. இந்தியச் சூழலில் கருப்பைக் காசநோயையும் இங்கே கருத வேண்டும்.

பெரும்பாலோருக்குச் சுழற்சி தானே சீராகும்போது கண்காணிப்பு தேவையற்ற அச்சத்தை வளர்க்கும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். நீளும் உதிரப்போக்கை அத்தகைய உடல் எளிதில் தாங்காது. வேண்டுவது அனைவருக்கும் ஸ்கேன் அன்று. ஆறாம் வாரத்தில் ஒரு சந்திப்பும், நாட்கணக்கு விசாரிப்பும், கர்ப்பப் பரிசோதனையும், ஹீமோகுளோபின் அளவுமே. தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் ஹைளு எனப்படும் மாதவிலக்கையும், நோயால் நீளும் இஸ்திஹாளா எனப்படும் உதிரப்போக்கையும் பிரித்தறியும் மார்க்க மரபு இக்கடற்கரை முஸ்லிம் பெண்களிடம் உண்டு. அந்த நாட்கணக்கு மருத்துவருக்கும் பயன்படும் சான்றாகும்.

மகப்பேறு நலம் பற்றிய இந்தியச் சட்டம் கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. கரையில் மீன் தரம்பிரித்து விற்கும் பெண்ணுக்கோ விடுப்புத் தர முதலாளி இல்லை. ஆகவே, ஆறாம் வாரச் சந்திப்பைக் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இடம்பெறும் கடமையாக அரசு ஆக்க வேண்டும். பிரசவத்துக்குக் காட்டும் பொறுப்பு கரு இழந்தவருக்கும் உரியது.