வேட்டுச் சத்தமும் யானையும்: பாலக்கோட்டுக் கொல்லைகளில் ஆக்கநிலையுறுத்தம்

கேழ்வரகுக் கதிர் முற்றத் தொடங்கினால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கத்துக் காட்டோரக் கொல்லைகளில் இரவுக் காவலும் தொடங்கிவிடும். பரண், தப்பட்டை, தீப்பந்தம் என்றிருந்த காவல் பின்னாளில் பட்டாசு, டார்ச் லைட், சூரியசக்தி மின்வேலி என்று மாறியது. ஒரு சத்தத்தையோ வெளிச்சத்தையோ ஆபத்தின் அறிகுறியாக யானைக்குப் பழக்கிவிட முடியும் என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள நம்பிக்கை. உளவியலார் இதை ஆக்கநிலையுறுத்தம் என்பர்.

இதன் தொடக்கம் ரஷ்யாவில். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லவ், அதற்கு முந்திய ஆண்டே மாட்ரிட் மருத்துவ மாநாட்டில் இக்கருத்தை முன்வைத்தார். உணவு வாயில் பட்டதும் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது இயல்பான துலங்கல். உணவுக்குச் சற்று முன் தாளமானியின் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு ஓசை மட்டுமே உமிழ்நீரை வரவழைக்கும். (பாடநூல்கள் மணியை விடுவதே இல்லை, அவர் கையாண்ட தூண்டல்களோ பலவகை.) உணவே தராமல் ஓசையை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால் சுரப்பு படிப்படியாக நின்றுபோகும் என்பதையும் அவரே கண்டார். காட்டோரத்துக்கு வேண்டிய பாடம் இதுதான்.

வேட்டுக்கு முதல் இரவு யானை மிரள்வது கற்றுக்கொண்டதல்ல, இயல்பு. வெடிக்குப் பின் வலி எதுவும் வராததால் நாளடைவில் அது பழகிப்போகிறது. டார்ச் வெளிச்சத்துக்கும் ஆள் கூச்சலுக்கும் யானை அஞ்சியது அவற்றோடு வேட்டும் சேர்ந்து வந்ததால் என்றால், வேட்டு பழகியதும் அவையும் வலுவிழக்கும். 1973இல் உளவியலாளர் ராபர்ட் ரெஸ்கார்லா எலிகளிடம் காட்டியது இதையே: பேரொலியோடு இணைத்த வெளிச்சத்துக்கு அஞ்சிய எலிகளுக்கு அந்த ஒலியைப் பழக்கிவிட்டபோது, வெளிச்சத்தின் மீதிருந்த அச்சமும் குறைந்தது. கதிரின் ருசியோ குறைவதில்லை.

1980களில் சத்தியமங்கலம் பகுதியில் யானைகளை ஆய்ந்த ராமன் சுகுமார், குடும்பக் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண் யானைகளே பயிரை அதிகம் நாடுவதைக் கண்டார். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பகுதியில் பிடிபட்ட மக்னா (தந்தமில்லா ஆண் யானை) இதற்குப் பொருந்துகிறது. ஆனைமலைக் காட்டில் விடப்பட்ட அது, அதே மாதம் கோவை நகர எல்லை வரை நடந்து வந்துவிட்டது. இடம் மாறியதால் பழகிய ருசி மாறவில்லை என்றே நான் இதை வாசிக்கிறேன்.

சூரியசக்தி வேலி நொடிப்பொழுது அதிர்ச்சி தந்து விட்டுவிடும். கம்பியைப் பார்த்தாலே ஒதுங்க யானை கற்பது அதனால்தான். இணைப்பிலிருந்து நேரடியாக மின்சாரம் இழுத்த கம்பி வேறு கதை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. சட்டமீறல் என்பது ஒருபுறமிருக்க, செத்த யானை எதைக் கற்கும்?

வேறு வழி தேனீயில் தேடப்படுகிறது. கென்யாவில் லூசி கிங் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கலைந்த தேனீக்களின் ஒலிப்பதிவைக் கேட்டே பெரும்பாலான யானைக் குடும்பங்கள் விலகின. இலங்கை யானைகளும் அவ்வொலிக்கு விலகியதை அவர் குழு 2018இல் பதிவுசெய்தது. தேனீ கொட்டுவது உண்மை என்பதால் இந்த ஒலி வேட்டுச் சத்தம்போல வெறும் மிரட்டலல்ல. ஆனால் கொல்லையோரம் வைத்த தேனீப் பெட்டியில் தேனீ தங்காமல் ஒலிபெருக்கி மட்டும் இரைந்துகொண்டிருந்தால், பாவ்லவின் நாய்க்கு ஓசை ஆனதுபோல இதுவும் சில பருவங்களில் யானைக்கு வெற்றுச் சத்தமாகிவிடும்.