நேர்கோட்டு நாட்டில் டாட் நுழைந்த கதை

ஜப்பானியரின் கிமோனோத் துணியின் அகலம் ஒரு முழம்கூட வராது; ஏறக்குறைய 37 செ.மீ. நீளம் 12 மீட்டர் அளவில் இருக்கும். அதை நேர்கோட்டிலேயே 8 துண்டாக வெட்டித் தைத்தால் ஆடை தயார். துவைக்கும்போது தையலைப் பிரித்து, துண்டுகளைப் பழையபடி ஒரே நீளமாக இணைத்து அலசி, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, திரும்பவும் தைப்பார்கள். உடம்பின் மேடுபள்ளம் துணியின் கவலை அல்ல. இடுப்பு ஒடுங்கியிருந்தால் அங்கே துவாலையைச் சுற்றி மட்டப்படுத்திவிட்டு மேலே உடுத்துவது வழக்கம்.

ஐரோப்பியத் தையல் இதற்கு நேர் எதிர். அங்கே உடம்புக்குத் தக்கபடி துணிதான் எழும்பி ஒடுங்க வேண்டும். நம் ஊரில் ஜாக்கெட் தைப்பவர்கள் ‘டாட்’ பிடிக்கிறார்களே, அந்த முக்கோண மடிப்பு இல்லாமல் அது நடக்காது.

ஜப்பானியப் பெண்கள் அதைக் கற்றது பள்ளிக்கூடத்தில். நமிகி இசபுரோ 1919-இல் டோக்கியோவில் ஒரு சிறு தையல் பள்ளி தொடங்கினார். சிங்கர் மிஷின் விற்றுக்கொண்டிருந்த எண்டோ மசஜிரோ அவரோடு சேர, 1923-இல் அது ‘புங்கா’ என்ற பெயரில் வளர்ந்தது. அதே ஆண்டுதான் பெரும் பூகம்பம் டோக்கியோவைப் புரட்டிப்போட்டது. அதன்பின் ‘அப்பப்பா’ என்ற தொளதொள கோடை கவுன் பரவியது. டாட்டே இல்லாத உடை. எவரும் வீட்டில் தைக்கலாம். 1926-இல் சுகினோ யோஷிகோ இன்னொரு பள்ளி திறந்தார். 1936-இல் புங்கா, ‘சோஎன்’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தது.

பாடத்தின் அடித்தளம் ஓர் ‘அடிப்படை மாதிரி’. மார்பளவும் முதுகு நீளமும் தெரிந்தால் மேல்சட்டையின் உருவத்தைக் கணக்குப் போட்டே காகிதத்தில் வரைந்துவிடலாம். வித்தை அதற்குப் பிறகு. பக்கத்தில் இருக்கும் டாட்டைத் தோளுக்கு மாற்ற வேண்டுமா? தோளிலிருந்து மார்பின் உச்சிப் புள்ளிவரை கோடு போட்டு வெட்டு. பழைய டாட்டை மூடு. தோளில் புதிய வாய் தானாகப் பிளக்கும். அதன் அகலம் கூடலாம், குறையலாம். உச்சியில் உள்ள கோணம் மட்டும் மாறவே மாறாது. தைக்கும்போது உச்சிக்கு 2, 3 செ.மீ. முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முனை அசிங்கமாகத் துருத்தும். அந்த வாயை டாட்டாகவே தைக்க வேண்டும் என்றுகூட இல்லை. சுருக்குகளாக்கலாம், பிரின்ஸஸ் கட் தையலுக்குள் ஒளித்தும் விடலாம்.

2000-ஐ ஒட்டிப் புங்கா தன் மாதிரியைத் திருத்தியபோது டாட்டையே டிகிரியில் எழுதிவிட்டது: மார்பளவை 4-ஆல் வகுத்து 2.5-ஐக் கழி. 84 செ.மீ. என்றால் 18.5 டிகிரி.

பழைய கதைக்குத் திரும்பினால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெண்களுக்கு வாய்த்தது ‘மோம்பே’ என்ற வேலைக் கால்சட்டை. 1945-க்குப் பின் துணிப் பஞ்சம். பெட்டியில் கிடந்த கிமோனோக்களைப் பிரித்து கவுனாக்கினார்கள். அந்தக் குறுகிய துணியில் முன்பாகம் ஒரே துண்டாக வராது. ஒட்டு விழும் இடத்திலேயே டாட்டை விழுங்க வைத்தவள் கெட்டிக்காரி. தையல் பள்ளிகள் நாடெங்கும் முளைத்தன. போர் விதவைகள் பலருக்குத் தையல் தொழிலே சோறு போட்டது. டோக்கியோவில் தையல் கடை நடத்திய யமமோட்டோ ஃபுமி அப்படி ஒருவர். அவர் மகன் யோஜி சட்டம் படித்து முடித்துவிட்டு அம்மாவின் கடைக்கே உதவிக்கு வந்து, பிறகு புங்காவில் சேர்ந்தார்.

1957-இல் அந்தப் பள்ளி ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் நுழைந்த சிலரில் ஒருவர் தகடா கென்சோ. 1970-இல் பாரிஸில் கடை திறந்த அவர், டாட்டுகளைக் குறைத்து, கிமோனோ பாணியில் நேர்கோட்டில் வெட்டிய தளர்ந்த உடைகளை விற்றார். 1981-இல் யோஜியும் அங்கே போய்ச் சேர்ந்தார், உடம்பை விட்டு விலகி நிற்கும் கறுப்பு உடைகளோடு. டாட் தெரியாமல் அதை விட்டவர்கள் அல்லர் இவர்கள்.

புங்காவில் பல்லாண்டு பாடம் நடத்திய நகமிச்சி டொமோகோ வேறு வழி பிடித்தார். 2005-இல் வந்த அவருடைய ‘பேட்டர்ன் மேஜிக்’ நூலில் டாட் மறைவதில்லை. பாதி அளவு பொம்மைகளின் மேல் முடிச்சாகவும் புடைப்பாகவும் துருத்திக்கொண்டு நிற்கிறது.